யாரைத் தடுப்பது? பன்னாட்டு விளையாட்டும் குறிவைத்த மனித உரிமைத் தடைகளும்

பன்னாட்டு விளையாட்டில் மனித உரிமை மீறலுக்கான தண்டனை நெடுங்காலம் நாடுகளின் மீதே விழுந்துவந்தது. அணி விலக்கப்படும், கொடி ஏறாது, நாட்டுப்பண் ஒலிக்காது. ஆட்சியாளர் செய்த குற்றத்துக்கு ஓட்டக்காரரும் நீச்சல்காரரும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். குறிவைத்த தடை இதற்கு மாற்றாக வந்த முறை. சித்திரவதைக்கு ஆணையிட்ட அதிகாரி, வீராங்கனைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கிய சங்கத் தலைவர், அவர்களுடைய பணம் புழங்கும் மன்றம் அல்லது நிறுவனம் எனப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்து, அவர்கள்மீது மட்டும் தடை விதிப்பது இதன் வழி. சொத்து முடக்கமும் பயணத் தடையும் அரசுகளின் கையில் உள்ளவை. பதவி நீக்கம், அரங்குக்குள் நுழையும் அனுமதி அட்டையைப் பறித்தல், நிதியுதவியை நிறுத்துதல், போட்டி நடத்தும் உரிமையை மாற்றுதல் ஆகியவை விளையாட்டு அமைப்புகளின் கையில் உள்ளவை. இரு தரப்பும் ஒரே ஆளை ஒரே காலத்தில் குறிவைத்தபோதுதான் பலன் தெரிந்திருக்கிறது. அப்படி நடந்தது மிகச் சில தடவைகளே.

இம்முறையின் முன்னோடி தென்னாப்பிரிக்க இனஒதுக்கலுக்கு எதிரான போராட்டத்தில் உருவானது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து தென்னாப்பிரிக்கா விலக்கி வைக்கப்பட்டது. 1970இல் ஒலிம்பிக் இயக்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டது. இவை நாட்டின்மீதான தடைகள். இவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் தென்னாப்பிரிக்கர் மட்டுமல்லர். 1974 டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டியில் தென்னாப்பிரிக்காவுடன் ஆட இந்தியா மறுத்தது. சென்னையின் விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் அடங்கிய அணி ஒரு பந்தும் அடிக்காமல் கோப்பையை விட்டுக்கொடுத்தது. அந்த முடிவு சரியானது என்பதே வரலாற்றின் தீர்ப்பு. ஆயினும் அதன் செலவை ஆட்டக்காரர்களே சுமந்தார்கள்.

தனியாள் மீதான தடை 1980களில் வந்தது. தென்னாப்பிரிக்காவில் போய் விளையாடியவர்களின் பெயர்களைத் திரட்டி ஐக்கிய நாடுகள் அவையின் இனஒதுக்கல் எதிர்ப்புச் சிறப்புக் குழு ஒரு பதிவேட்டை வெளியிடத் தொடங்கியது. அப்போது அவையின் இனஒதுக்கல் எதிர்ப்பு மையத்தின் பொறுப்பில் இருந்தவர், பழைய சென்னை மாகாணத்தின் கூடூர் அருகே பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஈ. எஸ். ரெட்டி. பதிவேட்டில் பெயர் ஏறியவர் இனி அங்கே விளையாடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தால் பெயர் நீக்கப்படும். திருந்துபவருக்கு வெளியேறும் வாசலைத் திறந்து வைத்த இந்த ஏற்பாடு பிற்காலத்துப் பட்டியல்கள் பலவற்றைவிடத் தெளிவாக இருந்தது. பதிவேட்டுக்குச் சட்ட வலிமை இருக்கவில்லை. அதை வைத்து நடவடிக்கை எடுப்பது ஒவ்வொரு அரசின் விருப்பமாக இருந்தது. 1988இல் இந்தியா அத்தகைய நடவடிக்கை எடுத்தது. கிரஹாம் கூச் தலைமையில் வரவிருந்த இங்கிலாந்து கிரிக்கெட் அணியில் அவர் உட்பட எட்டுப் பேருக்குத் தென்னாப்பிரிக்கத் தொடர்பு இருந்ததால் விசா மறுக்கப்பட்டு, சுற்றுப்பயணமே ரத்தானது.

இந்தக் காலத்தின் பெரிய குறை, ஆட்டக்காரரைப் பிடித்துவிட்டு அழைத்தவரை விட்டதுதான். 1982இல் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் இலங்கை அணி தென்னாப்பிரிக்காவுக்கு ரகசியமாகப் போனது. வர்ணபுர அதே ஆண்டில்தான் இலங்கையின் முதல் டெஸ்ட் தலைவராகக் களமிறங்கியிருந்தார். போனவர்களுக்கு இலங்கை வாரியம் 25 ஆண்டுத் தடை விதித்தது. பலருடைய கிரிக்கெட் வாழ்க்கை அத்தோடு முடிந்தது. இத்தகைய கலகப் பயணங்களை ஏற்பாடு செய்த தென்னாப்பிரிக்க நிர்வாகிகளில் முக்கியமானவரான அலி பேச்சரோ 1991இல் ஒன்றுபட்ட புதிய வாரியத்தின் நிர்வாக இயக்குநரானார். 2003 உலகக் கோப்பையை நடத்திய குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். பணத்துக்காகப் போனவர் தண்டிக்கப்பட்டார், பணம் கொடுத்தவர் பதவியில் அமர்ந்தார். குறி எங்கே வைக்கப்பட வேண்டும் என்ற கேள்வியை இதைவிடக் கூர்மையாக எழுப்பும் உதாரணம் விளையாட்டு வரலாற்றில் அரிது.

1990களில் நாடு முழுவதன்மீதும் விழும் தடைகளின் மீதே சந்தேகம் எழுந்தது. ஈராக்கின்மீதான பொருளாதாரத் தடை அங்குள்ள சாதாரண மக்களை வாட்டியதும், சதாம் உசேனின் ஆட்சி அசையாமல் நின்றதும் இதற்கு முதற் காரணம். விளையாட்டிலும் இதன் சாயல் தெரிந்தது. 1992 மே மாதம் யூகோஸ்லாவியாவுக்கு எதிராகப் பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 757ஆம் தீர்மானம் விளையாட்டுப் பங்கேற்பையும் தடைசெய்தது. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டி தொடங்கப் பத்து நாள் இருக்கையில் யூகோஸ்லாவியா நீக்கப்பட்டது. அதன் இடத்தில் அவசரமாக அழைக்கப்பட்ட டென்மார்க் கோப்பையையே வென்றது. இரண்டு மாதம் கழித்து பார்சிலோனா ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவிய வீரர்கள் தனிநபர் பிரிவுகளில் மட்டும், கொடியின்றி, சுயேச்சைப் பங்கேற்பாளர்களாக அனுமதிக்கப்பட்டார்கள். துப்பாக்கி சுடுதலில் அவர்கள் மூன்று பதக்கம் பெற்றார்கள். நாட்டையும் ஆளையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இவ்வாறு தட்டுத்தடுமாறித் தொடங்கியது.

அரசுகளின் கையில் இருக்கும் கருவிக்கு இன்றைய வடிவம் தந்தது ஒரு மாஸ்கோ சிறைச்சாவு. ரஷ்ய அதிகாரிகளின் வரி மோசடியை வெளிப்படுத்திய செர்கெய் மாக்னிட்ஸ்கி 2009 நவம்பரில் காவலில் இறந்தார். அவர் பெயரில் அமெரிக்கா 2012இல் இயற்றிய சட்டம் ரஷ்யாவுக்கு மட்டுமானது. 2016இல் அது உலகம் முழுமைக்கும் விரிக்கப்பட்டது. கனடா 2017இலும் பிரிட்டன் 2020 ஜூலையிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பர் 7இலும் தத்தம் ஏற்பாடுகளைக் கொண்டுவந்தன; ஆஸ்திரேலியா அடுத்த ஆண்டு சேர்ந்தது. இயங்கும் விதம் எளிது. பட்டியலில் பெயர் வந்தவரின் சொத்து அந்த நாட்டில் முடங்கும். அந்நாட்டுக் குடிமகனோ வங்கியோ நிறுவனமோ அவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள முடியாது. அவர் பாதிக்குமேல் உரிமை வைத்திருக்கும் நிறுவனத்துக்கும் அதே கதி. டாலரில் நடக்கும் வணிகம் எங்கோ ஓரிடத்தில் அமெரிக்க வங்கியைத் தொடும் என்பதால், பிற நாட்டு வங்கிகளும் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும். வீரர் ஒப்பந்தம், ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர் பணம் என எல்லைகள் கடந்து பணம் ஓடும் விளையாட்டுத் துறையில் இந்த ஒதுக்கம் கடுமையாக வலிக்கும்.

இரண்டு தரப்புக் கருவிகளும் சேர்ந்து இயங்கியதற்கு முழுமையான எடுத்துக்காட்டு பெலாரஸ். அங்கே நாட்டின் அதிபர் அலெக்சாண்டர் லுகஷென்கோவே 1997 முதல் 2021 வரை தேசிய ஒலிம்பிக் குழுவின் தலைவராகவும் இருந்தார். ஐஸ் ஹாக்கி அவருடைய காதல். தாமே களமிறங்கி ஆடுவார். 2014 உலக ஐஸ் ஹாக்கிப் போட்டியும் 2019 ஐரோப்பிய விளையாட்டுகளும் மின்ஸ்க் நகரில் நடந்ததை அவர் தம் ஆட்சிக்கான நற்சான்றாகவே காட்டிக்கொண்டார். 2020 ஆகஸ்ட் 9 தேர்தலில் அவர் வென்றதாக அறிவிக்கப்பட்டதும் தெருக்கள் நிறைந்தன. ஆயிரக்கணக்கானோர் கைதானார்கள். விளையாட்டு வீரர்கள் நூற்றுக்கணக்கில் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தேசிய அணிகளிலிருந்து நீக்கம், வேலை இழப்பு, சிறை எனப் பதிலடி வந்தது. ஒலிம்பிக்கில் ஆடிய கூடைப்பந்து வீராங்கனை யெலெனா லெவ்சாங்கா விமான நிலையத்தில் பிடிக்கப்பட்டுப் 15 நாள் அடைக்கப்பட்டார். ஒலிம்பிக் பதக்கம் வென்ற நீச்சல் வீராங்கனை அலெக்சாந்திரா ஹெராசிமேனியா வெளிநாடு சென்று, பாதிக்கப்பட்ட வீரர்களுக்கான அறக்கட்டளையை நடத்தினார். தடைப் பட்டியல்களுக்கும் ஒலிம்பிக் குழுவுக்கும் சான்றுகள் இத்தகைய வீரர் அமைப்புகளிடமிருந்தும் போய்ச் சேர்ந்தன.

பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2020 டிசம்பர் 7இல் நடவடிக்கை எடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் தன் மனித உரிமைத் தடை ஏற்பாட்டை நிறைவேற்றிய அதே நாள், தற்செயல்தான். லுகஷென்கோ, அவர் மகன் விக்டர் உள்ளிட்ட பெலாரஸ் ஒலிம்பிக் குழுவின் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகிகள் ஒலிம்பிக் நிகழ்வுகள் எதிலும் கலந்துகொள்ள முடியாது என்றானது. நிதி நிறுத்தப்பட்டது, வீரர்களின் பயிற்சிக்கும் பங்கேற்புக்குமான பணத்துக்கு மட்டும் விலக்கு. இந்த விலக்கில்தான் முறையின் சாரம் இருக்கிறது. தந்தை விலகி மகன் 2021 பிப்ரவரியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, ஒலிம்பிக் குழு அத்தேர்வை ஏற்க மறுத்தது. அந்தக் கோடையில் பெலாரஸ் வீரர்கள் டோக்கியோவில் தம் கொடியுடனேயே போட்டியிட்டு ஏழு பதக்கம் பெற்றார்கள். அதிபரும் மகனும் அரங்கில் இல்லை.

பன்னாட்டு ஐஸ் ஹாக்கி சம்மேளனம் இவ்வளவு எளிதில் இறங்கி வரவில்லை. 2021 உலகப் போட்டியை மின்ஸ்க்கும் லாட்வியாவின் ரீகாவும் சேர்ந்து நடத்துவதாக ஏற்பாடு. சம்மேளனத் தலைவர் ரெனே ஃபாசல் ஜனவரியில் மின்ஸ்க் போய் லுகஷென்கோவைக் கட்டித் தழுவிய படம் வெளியாகி ஐரோப்பா முழுவதும் கொதிப்பை உண்டாக்கியது. சில நாட்களில் ஸ்கோடா, நிவியா, லிக்வி மோலி ஆகிய விளம்பரதாரர்கள் மின்ஸ்க்கில் நடந்தால் விலகுவோம் என்றன. ஜனவரி 18இல் போட்டி மின்ஸ்க்கிலிருந்து பறிக்கப்பட்டது. அறவுரைகள் மாதக்கணக்கில் செய்யாததை மூன்று நிறுவனங்கள் ஒரு வார இறுதிக்குள் செய்து முடித்தன. பெலாரஸ் ஹாக்கி சங்கத் தலைவர் டிமித்ரி பஸ்கவ், போராட்டக்காரர் ரமன் பந்தரென்காவின் சாவோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்டவர். எதிர்ப்பாளர்களை அச்சுறுத்தியதற்காகவும் பாகுபாடு காட்டியதற்காகவும் சம்மேளனம் அவருக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது.

டோக்கியோவில் வேறொரு சோதனை வந்தது. தம்மைக் கேட்காமலேயே தொடர் ஓட்டத்தில் பெயர் சேர்க்கப்பட்டதை இன்ஸ்டாகிராமில் கண்டித்த ஓட்டக்காரி கிரிஸ்ட்சினா சிமனோவ்ஸ்கயாவை, 2021 ஆகஸ்ட் 1இல் பயிற்றுநர்கள் ஹனேடா விமான நிலையத்துக்கு அழைத்துப் போய் ஊருக்கு ஏற்ற முயன்றார்கள். அவர் ஜப்பானியப் போலீசாரிடம் தஞ்சம் புகுந்து, போலந்தின் விசாவில் வார்சா போய்ச் சேர்ந்தார். சம்பந்தப்பட்ட இரு பயிற்றுநர்களின் அனுமதி அட்டைகளை ஒலிம்பிக் குழு பறித்தது. அதற்குச் சில நாட்கள் ஆயின. ஆகஸ்ட் 9இல் அமெரிக்கா பெலாரஸ் தேசிய ஒலிம்பிக் குழுவையே, பணச்சலவைக்கும் தடை ஏய்ப்புக்கும் வழியாக இருந்ததாகக் கூறி, தடைப் பட்டியலில் சேர்த்தது. விளையாட்டு அமைப்பு தன் சட்டையைக் கழற்றினால் உள்ளே அரசு அலுவலகம் இருப்பதை ஒரு நிதித்துறை எழுத்தில் சொன்னது எனலாம்.

அரசுத் தடை தனித்து நின்றால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ரஷ்யாவின் செச்னியா சாட்சி. அதன் ஆட்சித் தலைவர் ரம்சான் கதீரவ் 2017 டிசம்பரிலேயே அமெரிக்கப் பட்டியலில் ஏறியவர். காணாமல் ஆக்குதல், சித்திரவதை, தன்பாலின ஈர்ப்பாளர்களை வேட்டையாடியது ஆகியவை அவர் ஆட்சிமீதான குற்றச்சாட்டுகள். ஆறு மாதம் கழித்து, 2018 உலகக் கோப்பைக்கு எகிப்து அணி செச்னியத் தலைநகர் க்ரோஸ்னியில் தங்கிப் பயிற்சி செய்ய, பன்னாட்டுக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா இடமளித்தது. கதீரவ் எகிப்து நட்சத்திரம் முகமது சலாவை விடுதியிலிருந்து அழைத்து வந்து அரங்கில் கூட்டத்தின் முன் காட்டினார். பிறகு கௌரவக் குடியுரிமையும் கொடுத்தார். வாஷிங்டனின் பட்டியல் ஃபிஃபாவின் தலைமையகமான ஜூரிச்சில் படிக்கப்படவே இல்லை. 2020 டிசம்பர் 10இல் அமெரிக்கா ஒரு படி மேலே போய், கதீரவுக்காக இயங்குவதாக அக்மத் க்ரோஸ்னி கால்பந்து மன்றத்தையும் அக்மத் சண்டைப் பயிற்சிக் கூடத்தையும் அக்மத் பெயரிலான சண்டைப் போட்டி நிறுவனத்தையும் சேர்த்தது. மன்றம் ரஷ்ய லீகில் தொடர்ந்து ஆடியது. வெளிநாட்டு நட்சத்திரங்களைப் பணம் கொடுத்து வரவழைப்பது மட்டும் சிக்கலானது. 2011இல் டச்சுக் கால்பந்து நட்சத்திரம் ரூட் குலிட்டையே பயிற்றுநராகக் கொண்டுவந்த ஊர் அது.

அரசு நுழையாமல் விளையாட்டு நீதி மட்டும் இயங்கிய வழக்குகள் உண்டு. ஆப்கான் பெண்கள் கால்பந்து அணியின் முன்னாள் தலைவி காலிதா போபல் வெளிக்கொணர்ந்த பாலியல் கொடுமைகளின் பேரில், ஆப்கான் கால்பந்துச் சங்கத் தலைவர் கெராமுதீன் கரீமுக்கு ஃபிஃபா 2019 ஜூனில் ஆயுள் தடையும் பத்து லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதமும் விதித்தது. விளையாட்டு நடுவர் மன்றம் அதை உறுதி செய்தது. ஹைத்தி சங்கத் தலைவர் ஈவ் ஷான் பார்ட்டுக்கு 2020இல் விதிக்கப்பட்ட ஆயுள் தடையோ 2023 பிப்ரவரியில் போதிய ஆதாரம் இல்லையென்று அதே மன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டோர் பேச அஞ்சும் இடத்தில் ஆதாரம் எப்படித் திரளும் என்பது நியாயமான கேள்வி. ஆனால் பெயர் சொல்லித் தண்டிக்கும் முறைக்கு, அந்தப் பெயருக்குரியவர் எதிர்வாதம் செய்யும் உரிமை அடித்தளம். பயங்கரவாதத் தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட காதி என்பவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2008இல் வலியுறுத்தியதும் இதையே.

குறி எவ்வளவு நுட்பமாக வைத்தாலும் சிதறல் இருக்கும். செல்சி கால்பந்து மன்றத்தின் உரிமையாளரான ரஷ்யச் செல்வர் ரோமான் அப்ரமோவிச்மீது பிரிட்டன் 2022 மார்ச் 10இல் தடை விதித்தது. அது ரஷ்யப் போர் தொடர்பான தடை, மனித உரிமைப் பட்டியல் அன்று. எனினும் விளையாட்டு மன்றம் ஒன்றின் உரிமையாளரை முடக்கினால் என்ன ஆகும் என்பதை அது காட்டியது. செல்சியின் கடை மூடப்பட்டது. ஏற்கெனவே விற்ற சீட்டுகளைத் தவிரப் புதிதாக விற்க முடியவில்லை. வெளியூர் ஆட்டத்துக்குப் போய்வர 20,000 பவுண்டுக்குமேல் செலவிடக் கூடாது என்று அரசு உரிமம் எல்லை வகுத்தது. வீரர்கள் ஊதியம் பெற்றார்கள். அரங்க ஊழியரின் வேலை மாதக்கணக்கில் ஊசலாடியது. மே 30இல் மன்றம் கைமாறி, விற்ற தொகையான 250 கோடி பவுண்டு முடக்கப்பட்ட கணக்கில் போடப்பட்டது. தடை விதிக்கும் ஆணையோடு, இயக்கத்தைத் தொடர வைக்கும் உரிமமும் அதே நாளில் எழுதப்பட வேண்டும் என்பது இந்த வழக்கின் நடைமுறைப் பாடம்.

முறையின் நம்பகத்தைக் குலைப்பது இந்தச் சிதறல் அன்று, பாரபட்சம். சவூதிப் பத்திரிகையாளர் ஜமால் கஷோகி கொலைக்காக 2018 நவம்பரில் அமெரிக்கா 17 சவூதியரைப் பட்டியலிட்டது. பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான் அந்த நடவடிக்கைக்கு ஒப்புதல் அளித்தார் என்று அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடு 2021 பிப்ரவரியில் வெளியானபோதும் அவர் பெயர் சேரவில்லை. அவர் தலைமை வகிக்கும் பொது முதலீட்டு நிதியம் அதே ஆண்டு அக்டோபரில் நியூகாசில் யுனைடெட்டின் 80 விழுக்காட்டை வாங்கியது. 2024 டிசம்பரில் 2034 உலகக் கோப்பையும் சவூதிக்குக் கிடைத்தது. ஏழை நாட்டுச் சங்கத் தலைவருக்கு ஆயுள் தடை, எண்ணெய் நாட்டு இளவரசருக்குக் கோப்பை என்ற நிலை இருக்கும்வரை, தடைகளை மேற்குலகின் வெளியுறவுக் கொள்கையின் நீட்சி என்பவரை வாதத்தில் வெல்வது கடினம்.

உக்ரைன் போர் தொடங்கியபின் ஒலிம்பிக் குழு முதலில் ரஷ்ய, பெலாரஸ் வீரர் அனைவரையும் விலக்கப் பரிந்துரைத்தது. பண்பாட்டு உரிமைகளுக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் அலெக்சாண்ட்ரா சாந்தாக்கி, கடவுச்சீட்டை மட்டும் பார்த்து ஒருவரை விலக்குவது பாகுபாடு என்று எச்சரித்தார். இறுதியில், போரை ஆதரிக்காதவர், படையோடும் பாதுகாப்புத் துறையோடும் ஒப்பந்தம் இல்லாதவர் எனச் சலித்தெடுத்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 32 பேர் தனிநபர்களாக அனுமதிக்கப்பட்டார்கள். உக்ரைனியருக்கு இது போதாது, ரஷ்யருக்கு இது அவமதிப்பு. கோட்பாட்டளவில் இதுவே பார்சிலோனாவுக்குப் பின் எட்டிய நேர்த்தியான ஏற்பாடு.

இந்தியாவுக்கும் இந்தப் பாடத்தில் பங்கு உண்டு. 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் சம்மேளனத் தலைவர்மீது பாலியல் துன்புறுத்தல் புகார் கூறித் தில்லித் தெருவில் அமர்ந்தார்கள். அவர் அதை மறுத்தார், விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. உலக மல்யுத்த அமைப்பு அந்த ஆகஸ்டில் நடவடிக்கை எடுத்தபோது, அது தேர்தல் நடத்தாததற்காகச் சம்மேளனத்தை இடைநீக்கம் செய்வதாக இருந்தது. விளைவு, பெல்கிரேடு உலகப் போட்டியில் வெண்கலம் வென்ற அந்திம் பங்கால் தேசியக் கொடியின்றி மேடை ஏறினார். குறி முற்றிலும் தவறிய தடை அது. 2025இல் நிறைவேறிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் தேசிய விளையாட்டு வாரியத்தையும் தீர்ப்பாயத்தையும் ஏற்படுத்த வகை செய்கிறது; உள்நாட்டுச் சங்கங்களுக்கு அது பொருந்தும். வெளிநாட்டவர் செய்த மனித உரிமை மீறலுக்காகச் சொத்தை முடக்கவும் பெயரைப் பட்டியலிடவும் மாக்னிட்ஸ்கி வகைச் சட்டம் இந்தியாவில் இல்லை, ஐ.நா. விதிக்கும் தடைகளை மட்டுமே இந்தியா ஏற்கிறது. 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்துவிட்ட நாட்டின் வாசலில் அப்படி மீறல் செய்த வெளிநாட்டு நிர்வாகி ஒருவர் வந்து நின்றால், அரசின் கையில் எஞ்சியிருப்பது 1988இல் பயன்படுத்திய விசா மறுப்புதான்.